செக்கு வீட்டுப் பிள்ளை

சங்கரன்கோவிலில் இசக்கித்துரையின் வீட்டைத் தேடி வருகிறவர்கள் யாரும் கதவு எண் கேட்பதில்லை. ராஜபாளையம் ரோட்டை விட்டு அந்தத் தெருவுக்குள் திரும்பினால் போதும், கடலை எண்ணெய் வாசம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடும். முன்பக்கம் செக்கு. அதை ஒட்டி எண்ணெய் விற்கிற அறை. அதற்குப் பின்னால் வீடு. செக்கு மோட்டாரில் ஓடுவதுதான், ஆனால் உரலும் உலக்கையும் வாகை மரம். குருவிகுளம் பக்கத்து மானாவாரிக் கடலையைத் தவிர வேறு கடலை அந்த உரலில் விழுந்தது கிடையாது. "கரிசல் கடலைக்கு உள்ள கொழுப்பு வேற எதுலயும் வராது" என்று இசக்கித்துரை சொல்வான். எண்ணெய் வாங்க வந்தவர்களிடம் மட்டுமில்லை, வழி கேட்டு வந்தவர்களிடமும் சொல்வான்.

அந்த வீட்டில் பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் அவன்தான்.

அது அப்படி அமைந்துபோயிற்று. அவன் மனைவி ராஜகுமாரி தாலுகா ஆபீஸில் உதவியாளர். பிள்ளை பிறந்தது ஆடித்தபசு சமயம். வலி கண்டதும் ஏறிய ஆட்டோ கோயில் கூட்டத்துக்குள் நுழைய முடியாமல் ஊரைச் சுற்றி வந்து ஆஸ்பத்திரி சேர்ந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். தையல் போட்ட இடம் சீழ் வைத்துக்கொண்டதால் வெகுநாள் ராஜகுமாரியால் காலை நீட்டித் தரையில் உட்கார முடியவில்லை. அவள் அம்மாவும் இல்லை, அவன் அம்மாவும் இல்லை. பக்கத்து வீட்டு சுந்தரம்மாள் வந்து குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மூட்டுவலி கூடிவிட, ஒரு நாள் காலையில் இசக்கித்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மணையைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்துவிட்டான்.

"ஏ ராஜி, உனக்கு வாய்ச்சது புருசனா, பேறுகாலம் பாக்குத பொம்பிளையா?" என்று சுந்தரம்மாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டாள்.

"பெரியம்மா, உங்க மூட்டுக்கும் நானே எண்ணெய் போட்டு வெந்நீர் ஊத்தி விடுதேன், வந்து படுங்க" என்றான் அவன்.

"போலே, வெக்கங்கெட்ட பயலே!"

தெருவே சிரித்தது. ஆனால் பிள்ளை அவன் காலில் கிடக்கிற அழகைப் பார்த்த பிறகு ஒருவரும் கேலி பேசவில்லை. அப்படி ஒரு பதமான கை அவனுக்கு. பிள்ளைக்கு யோகலட்சுமி என்று பேர் வைத்திருந்தார்கள். தபசில் பிறந்தவளுக்கு அம்மன் பேராகக் கோமதி என்றுதான் வைப்பான் என்று ஊர் நினைத்தது. "தெருவுல நின்னு கோமதின்னு கூப்பிட்டா பத்து வீட்டுக் கதவு திறக்கும்" என்று சொல்லிவிட்டான். யோகலட்சுமி, கூப்பிடும்போது யோகு.

செக்கிலிருந்து அன்று இறங்கிய எண்ணெயைத் தூக்கில் எடுத்து, வெந்நீருக்குள் வைத்து இளஞ்சூடாக்கி, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் தேய்ப்பான். தேய்க்கும்போது யோகு அவனுடைய கட்டைவிரலைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொள்வாள். வெந்நீர் ஊற்றி முடிகிற வரைக்கும் விட மாட்டாள். மற்ற கையால்தான் அவன் எல்லா வேலையும் செய்ய வேண்டும். அந்த நேரம் வாசலில் எண்ணெய்க்கு யார் வந்து கூப்பிட்டாலும், "கை ஒழியல, நில்லுங்க" என்று உள்ளேயிருந்து சத்தம் மட்டும்தான் வரும்.

கார்த்திகை வாக்கில் பிள்ளைக்குக் கரப்பான் கண்டது. முதலில் கன்னம் சிவந்தது. பிறகு முழங்கை மடிப்பு, முட்டி மடிப்பு, கழுத்து. சொரசொரவென்று தடித்து, வெடித்து, சில இடத்தில் நீர் கசிந்தது. பிள்ளை தூக்கத்திலும் முகத்தைத் துணியில் தேய்த்துக்கொண்டே கிடந்தது.

சங்கரன்கோவிலில் தோலுக்கு ஒன்று என்றால் முதலில் எல்லாருக்கும் ஞாபகம் வருவது கோமதியம்மன் சந்நிதிப் புற்றுமண்தான். இசக்கித்துரையும் வாங்கி வந்தான். தண்ணீரில் குழைத்துப் பூசினால் காய்ந்து பொருபொருவென்று உதிர்ந்துவிடுகிறது. அவன் யோசித்தான். மண்ணைக் கடலை எண்ணெயில் குழைத்துப் பூசினான். அப்படியே ஒட்டிக்கொண்டது. மறுநாள் குளிப்பாட்டுகிற வரைக்கும் போகவில்லை. இதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனாகக் கண்டுபிடித்தது. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. தினமும் வெடிப்பு வெடிப்பாகப் பார்த்து, விரல் நுனியால் உள்ளே இறங்கும்படி பூசினான்.

வீட்டில் கரப்பான் பண்டம் அத்தனையும் நிறுத்தியாயிற்று. கத்தரிக்காய் கிடையாது, கருவாடு கிடையாது, முட்டை கிடையாது. பால் கொடுக்கிறவள் கடலையைத் தொடக்கூடாது என்று சுந்தரம்மாள் சொல்லிவிட்டதால், வாசலில் செக்கு சுற்றுகிற வீட்டில் ராஜகுமாரி ஒரு கடலைகூட வாயில் போடாமல் இருந்தாள். தாளிக்கக்கூட நல்லெண்ணெய்தான். மேலுக்குப் பூசுகிற எண்ணெயை மட்டும் யாரும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. வாய்க்குள் போவது பண்டம், மேலுக்குப் போடுவது மருந்து. எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றியது.

தை பிறந்து, பிள்ளைக்குச் சோறு கொடுக்கிற பருவம் வந்தது. தடுப்பூசிக்குப் போனபோது குழந்தைகள் டாக்டர் பாத்திமா ஹனாவிடம் காட்டினார்கள். சின்ன ஆஸ்பத்திரிதான், ஆனால் நின்று நிதானமாகப் பேசுகிற டாக்டர்.

"சாப்பாடு ஆரம்பிச்சாச்சா?"

"ஆமா டாக்டர். குருணைக் கஞ்சி, பருப்புத் தண்ணி" என்றாள் ராஜகுமாரி.

"முட்டை?"

ராஜகுமாரி கணவனைப் பார்த்தாள். "கரப்பான் பிள்ளைக்கு முட்டையா டாக்டரம்மா?" என்றான் அவன்.

"இந்த மாதிரி தோல் உள்ள பிள்ளைக்குத்தான் முட்டை, கடலை எல்லாம் ஒண்ணொண்ணா சீக்கிரமே பழக்கணும். தள்ளித் தள்ளிப் போடப் போடத்தான் வம்பு" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் சீட்டில் களிம்பு பேரை எழுதிக்கொண்டிருந்தார். "மேலுக்கு இப்ப என்ன போடுறீங்க?"

இசக்கித்துரை கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நம்ம செக்கு எண்ணெய்தான் டாக்டரம்மா. ஒரு சொட்டுக் கலப்படம் கிடையாது. நானே ஆட்டுதது. புத்துமண்ணை அதுல குழைச்சுப் புண்ணுல வைக்கேன்."

"என்ன எண்ணெய்?"

"கடலை."

டாக்டரின் பேனா நின்றது. எழுந்து வந்து பிள்ளையின் கை மடிப்பை விரித்துப் பார்த்தார். வாயைச் சுற்றிச் சிவந்திருந்த இடத்தைத் தொட்டார். "இது எப்ப இருந்து?"

"பல்லு முளைக்கப்போற எச்சில் பட்டுச் சிவந்திருக்குன்னு நினைச்சோம்" என்றாள் ராஜகுமாரி. "இவங்க பெருவிரலைச் சூப்பிக்கிட்டே இருப்பா."

டாக்டர் இசக்கித்துரையின் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத எண்ணெய் மினுக்கம் ரேகைக்குள் இருந்தது. அவனுக்கு ஏனோ கையை இழுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"கோவப்படாம கேளுங்க" என்றார் டாக்டர். "ஒரு பண்டம் முதல்ல வாய் வழியா உள்ள போச்சுன்னா, உடம்பு அதை வாசல் வழியா வந்த விருந்தாளின்னு நினைச்சு உக்காரச் சொல்லும். வெடிச்ச தோல் வழியா உள்ள போச்சுன்னா, சுவரேறிக் குதிச்சவன்னு நினைச்சுக்கும். அப்புறம் அதே ஆளு வாசல் வழியா வந்தாலும் அடிக்கத்தான் வரும்."



"அப்ப நான்தான்…" என்று அவன் ஆரம்பித்தான்.

"உங்களாலதான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். எண்ணெயே படாத பிள்ளைக்கும் வரும். எண்ணெயிலேயே வளர்ந்த பிள்ளைக்கு வராமலும் போகும். ஆனா பாத்துத்தான் ஆகணும். எண்ணெயை இன்னைக்கே நிறுத்துங்க. புத்துமண்ணை நெத்தியில வைங்க, புண்ணுல வேண்டாம். முட்டையை வீட்டுல ஒரு காலை நேரமாப் பாத்துக் கொடுங்க. கடலை மட்டும் வீட்டுல வேண்டாம். முதல்ல திருநெல்வேலியில தோல்ல ஒரு டெஸ்ட் எடுத்துட்டு வாங்க."

 வீட்டுக்கு வந்ததும் பிள்ளை வழக்கம்போல் அவன் விரலுக்குக் கையை நீட்டியது. அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். பிள்ளை அழுதது. ராஜகுமாரி தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாளிலிருந்து குளிப்பாட்டுவது அவள் வேலையாயிற்று.

முட்டை ஒன்றும் செய்யவில்லை. நன்றாக அவித்த முட்டையைக் கஞ்சியில் மசித்து, ராஜகுமாரி ஸ்பூன் நுனியில் எடுத்துக் கொடுத்தாள். யோகு முகத்தைச் சுளித்து, நாக்கை வெளியே தள்ளி, பிறகு என்ன நினைத்தாளோ, விழுங்கிவிட்டு இன்னும் கேட்டு வாயைத் திறந்தாள். மதிலுக்கு மேலே சுந்தரம்மாளின் தலை தெரிந்தது.

"கரப்பான் பிள்ளைக்கு முட்டையக் குடுத்துட்டு எப்பிடி உக்காந்திருக்காவ பாரு, பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கவங்க கணக்கா!"

"ஒண்ணும் செய்யல பெரியம்மா" என்றாள் ராஜகுமாரி. அவள் முகம் வெகுநாளைக்கு அப்புறம் தெளிந்திருந்தது. செக்குப் பக்கத்துக் கதவில் நின்றபடியே இசக்கித்துரை பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே வரவில்லை.

திருநெல்வேலியில் எடுத்த டெஸ்டில் பிள்ளையின் முதுகில் கடலைச் சாறு வைத்த இடம் கொசு கடித்தாற்போல் தடித்தது. பெரிய தடிப்பும் இல்லை, இல்லாமலும் இல்லை. பாத்திமா ஹனா சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதை வச்சு ஒத்துக்கும்னும் சொல்ல முடியாது, ஒத்துக்காதுன்னும் சொல்ல முடியாது. தின்னு பாத்தாத்தான் தெரியும். ஊசி, ஆக்சிஜன் எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு என் கண்ணு முன்னால பாக்கலாம்."

"பேசாம கொடுக்காமலே விட்டுட்டா என்ன டாக்டரம்மா?" என்று இசக்கித்துரை கேட்டான்.

"விடலாம், வேற வீடா இருந்தா. நாளைக்கு இவ தவழுவா. உங்க வீட்டுத் தரையில என்ன கிடக்கும்?"

 கடலைத் தோல் காற்றில் பறந்து கட்டில் வரைக்கும் வந்து கிடக்கிற வீடு அது.

அன்று சாயங்காலம் ராஜகுமாரி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஒத்துக்கிட்டுதுன்னா ஒரு கவலையும் இல்ல. ஒத்துக்கலைன்னா, நான் பிள்ளையத் தூக்கிட்டு ராயகிரிக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். இப்பவே சொல்லிப்புட்டேன்."

"எத்தனை நாளைக்கு?"

"அதை நீங்கதான் சொல்லணும். செக்கும் இவளும் ஒரு வீட்டுக்குள்ள இருக்க முடியாது. எது வெளிய போவணும்னு நான் வாயத் தொறந்து சொல்ல மாட்டேன். உங்க அப்பா போட்ட செக்கு. நான் சொன்னா நாளைக்கு அது என் பேர்ல நிக்கும்."

அவன் ஏதோ சொல்லப் போனான்.  அவள் மடித்த துணியையே திரும்பப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் காலையில், டாக்டர் சொன்னபடி கடலையை அவனே வறுத்தான். சொத்தை, சுருங்கல், கறுப்பு விழுந்தது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தான். தோல் நீக்கி, மூக்கு நீக்கி, அம்மியில் வைத்துத் துளிகூடத் தட்டுப்படாமல் வெண்ணெயாக அரைத்தான். உப்பு இல்லை, சர்க்கரை இல்லை. வெந்நீர் விட்டுத் தளர்த்தி, மூடி போட்ட கிண்ணத்தில் எடுத்து வைத்தான். கரிசல் கடலையின் வாசம் அடுக்களை முழுக்க நின்றது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நல்ல கடலையை அவன் யாருக்கும் அரைத்துக் கொடுத்ததில்லை.

கிளம்புகிறபோது கோயில் இருந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டான். என்ன கேட்பது என்று தெரியவில்லை. "ஆத்தா, விருந்தாளின்னு நினைக்கச் சொல்லு" என்று மட்டும் மனசுக்குள் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலை ஒதுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்து மேஜையில் ஊசி மருந்து எடுத்துத் தயாராக வைத்திருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று அவன் நினைத்துக்கொண்டே பார்த்தான். ராஜகுமாரி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டர் ஸ்பூனின் நுனியில், எறும்பு தூக்குகிற அளவுக்கு எடுத்து யோகுவின் நாக்கில் தடவினார்.

யோகு சப்புக் கொட்டினாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் டாக்டரின் கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்தாள்.

காத்திருந்தார்கள். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் கொடுத்தார்கள். மறுபடியும் காத்திருந்தார்கள். பிள்ளை சிரித்தது, கையைத் தட்டியது, இன்னும் வேண்டும் என்று கிண்ணத்தைப் பார்த்துக் குதித்தது.

"செக்கு வீட்டுப் பிள்ளைல்லா" என்று இசக்கித்துரை முதல்முறையாக வாயைத் திறந்தான். "ருசி தெரிஞ்சிருக்கு."

ராஜகுமாரிகூட லேசாகச் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. பிள்ளையின் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்துவிட்டு, அடுத்ததாகக் கால் ஸ்பூன் கொடுத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து யோகு மூக்கைத் தேய்த்தாள். பிறகு காதைப் பிடித்து இழுத்தாள். ராஜகுமாரி, "தூக்கம் வருதா தங்கத்துக்கு?" என்று கேட்டு முடிப்பதற்குள் கழுத்துப் பக்கம் திட்டுத் திட்டாகத் தடிப்பு எழும்பியது. பார்க்கப் பார்க்க அது நெஞ்சுக்கு இறங்கியது. மேலுதடு ஒருபக்கம் வீங்கிப் பிள்ளையின் முகமே வேறு முகமானது. குடித்த பால் அத்தனையும் வாந்தியாக வந்தது. அதற்குப் பிறகு ஒரு இருமல். அது பிள்ளையின் இருமல் மாதிரியே இல்லை. தகரத்தைத் தட்டினாற்போல் இருந்தது.

"படுக்க வைங்க. காலைப் பிடிங்க" என்றார் டாக்டர். சத்தம் உயரவில்லை.

ராஜகுமாரிக்குக் கை ஓடவில்லை. இசக்கித்துரைதான் குனிந்து பிடித்தான். முட்டிக்குக் கீழே ஒரு கை, இடுப்பில் ஒரு கை. தினமும் குளிப்பாட்டும்போது பிடிக்கிற அதே பிடி. பிள்ளை அழக்கூட முடியாமல் அவன் முகத்தையே பார்த்தது. தொடையில் ஊசி இறங்கியது. அவன் கண்ணை மூடவில்லை. நான் பார்க்க வேண்டியது இது, என்று நினைத்துக்கொண்டான்.

மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். டாக்டர் பிள்ளையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபடி நின்றார்.  பிறகு எங்கிருந்தோ வருகிறாற்போல் மெல்ல ஒரு சிணுங்கல், அது பெரிதாகி, நல்ல கோபத்தோடு ஒரு அழுகை. ராஜகுமாரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அழட்டும்" என்றார் டாக்டர். அப்போதுதான் அவர் முகத்தில் வேர்வை இருந்தது தெரிந்தது. "இப்படி அழுதா நல்லது."

பொழுது சாய்கிற வரைக்கும் அங்கேயே வைத்திருந்தார்கள். தடிப்பு வடிந்தது, உதடு இறங்கியது, பிள்ளை பால் குடித்துத் தூங்கியது. டாக்டர் இருவரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். கடலை இனி எந்த வடிவத்திலும் கூடாது. முட்டையை நிறுத்தக் கூடாது. அவசரத்துக்கு ஊசியை எப்படிப் போடுவது என்று ராஜகுமாரிக்குக் காட்டிக்கொடுத்து, மருந்தை ஒரு டப்பாவில் வைத்துக் கொடுத்தார். வளர்ந்தால் சில பிள்ளைகளுக்கு மாறும், பல பிள்ளைகளுக்கு மாறாது, வருஷா வருஷம் பார்ப்போம் என்றார்.

"என் கையாலயே அரைச்சேன் டாக்டரம்மா" என்றான் இசக்கித்துரை. "நல்ல கடலையாப் பாத்து."

"இங்க வச்சு நடந்ததால பிள்ளை உங்க மடியில கிடக்கு. தவழ்ந்து போய் ஒரு கடலையை எடுத்து வாயில போட்டு நடந்திருந்தா? அதை நினைச்சுப் பாருங்க. மத்ததை நினைக்காதீங்க."

ஆஸ்பத்திரி வாசலுக்கே ராஜகுமாரியின் அண்ணன் கார் கொண்டு வந்திருந்தான். அவள் சொன்னபடி செய்தாள். சண்டை இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. "மாத்துத் துணி ஒண்ணும் அங்கன இருந்து எடுக்கல. எல்லாத்துலயும் அந்தத் தூசி இருக்கும்" என்றாள். கார்க் கதவை மூடுமுன் பிள்ளையை அவன் பக்கம் கொஞ்சம் திருப்பிக் காட்டினாள். அவன் கையை நீட்டவில்லை. எட்ட நின்று, "போயிட்டு வா மக்கா" என்றான்.

அவன் வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் லோடு ஆட்டோ நின்றது. குருவிகுளத்துப் பிச்சையா புதுக்கடலை மூட்டைகளோடு வந்து காத்திருந்தார். அவன் அப்பா காலத்திலிருந்து அந்தச் செக்குக்குத் தன் நிலத்துக் கடலையைக் கொண்டுவந்து போடுகிற சம்சாரி. துண்டின் முடிச்சை அவிழ்த்து, மண் வாசம் மாறாத ஒரு கை கடலையை எடுத்தார்.

"எங்கவே என் பேத்தி? முத வெட்டுக் கடலை, அவ கையில தொட்டுக் குடுக்கச் சொல்லு. அதுக்குப் பொறவுதான் மூட்டையை இறக்கணும்." சொல்லிக்கொண்டே நடையேறப் போனார்.

"அண்ணாச்சி, ஏறாதிய!"

அப்படி ஒரு சத்தம் அவன் வாயிலிருந்து வந்து பிச்சையா கேட்டதில்லை. ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றுவிட்டார்.

நடந்ததை அவன் சொன்னான். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் கோபம்தான் வந்தது. "கடலையா? என்னவே சொல்லுத, நாங்க பச்சையாவும் அவிச்சும் தின்னு வளந்த கடலை, ஒரு பச்சப்பிள்ளைய மூச்சு முட்ட வைக்குமா? டாக்டர்மாரு ஆயிரம் சொல்லுவாவ. எங்க நெலத்துல வெளஞ்சத நான் வெசம்னு கேக்கணுமா?"

"நான் கண்ணால பாத்தேன் அண்ணாச்சி. உதடு இப்பிடி வீங்கிப்போச்சு. நான்தான் காலப் பிடிச்சேன்."

அவன் குரல் உடைந்ததைக் கேட்டு அவர் அடங்கினார். கையிலிருந்த கடலையைப் பார்த்தார். எங்கே போடுவது என்று தெரியாமல் திரும்பத் துண்டிலேயே முடிந்துகொண்டார். வாசலில் இருந்த குழாயைத் திறந்து கையைக் கழுவினார். ஒருமுறை கழுவி, மோந்து பார்த்து, மறுபடியும் கழுவினார். பிள்ளை இங்கே இல்லை என்று இசக்கித்துரை சொல்லவில்லை, அவர் கழுவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"செக்கைக் கழுவிட்டா ஆவாதா?" என்று கேட்டார் கடைசியில்.

"வாகை மரம் அண்ணாச்சி. எங்க அப்பா காலத்துல இருந்து குடிச்ச எண்ணெய். அதைக் கழுவி எடுக்க முடியுமா?"

"அப்ப?"

அன்று ராஜகுமாரியிடம் சொல்லப் போய் நின்றது இப்போது தானாக வந்தது. "அது போகட்டும். உங்க களத்துல கொட்டகை சும்மாத்தான கிடக்கு. தூக்கிட்டுப் போங்க. அங்கன வச்சு ஆட்டுங்க. எண்ணெய் கேட்டு இங்க வாரவங்கள நான் அங்க அனுப்பி விடுதேன்."

"ஏலே, கையும் காலும் இல்லாம என்ன செய்வ?"

"ராயகிரிப் பக்கம் தேங்காய் இருக்கு. வேற உரல் போட்டு அதை ஆட்டுதேன். எனக்கு ஆட்டத் தெரியும்லா?"

பிச்சையா ஆட்டோவில் கிடந்த மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தார். இறக்கச் சொல்லவில்லை. "சரிவே" என்றார்.

செக்கைக் கழற்றிய அன்று தெருவே வந்து பார்த்தது. உரல் தரையை விட்டு எழும்பியபோது அடியில் கறுத்துப்போன வட்டம் ஒன்று கிடந்தது. சுந்தரம்மாள் தன் மூட்டுவலியையும் மறந்து தென்னந் துடைப்பத்தோடு வந்துவிட்டாள். "எந்திரிச்சு நில்லுல. பிணம் போன வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்க. சோடா உப்பப் போடு, நான் தேய்க்கேன்." இரண்டு பேரும் தரையைத் தேய்த்தார்கள், சுவரைக் கழுவினார்கள், பரணைத் துடைத்தார்கள். பாயும் தலையணையும் தீக்குப் போயின. வெள்ளையடித்து முடித்ததும் சுந்தரம்மாள் வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"ஒரு வாசத்தையும் காணோம்ல" என்றாள். "தெரு தெரியாமப் போயிரும் போல இருக்கு."

அவனுக்கும் அப்படித்தான் இருந்தது. தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் வேறு யார் தெருவுக்கோ வந்துவிட்டாற்போல் இருந்தது. எண்ணெய் கேட்டு வந்தவர்களில் சிலர் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர், "பிள்ளைக்கு ஒத்துக்கலைன்னு செக்கையே தூக்குனவனை இப்பத்தான் பாக்கேன்" என்று சிரித்தார்.  இசக்கித்துரை அவருக்குக் குருவிகுளத்துக்கு வழி சொன்னான்.

பங்குனி வெயில் ஏறியிருந்த ஒரு காலையில் ராயகிரி போய் இருவரையும் அழைத்து வந்தான். பிள்ளையின் கன்னம் ஆறியிருந்தது. முழங்கை மடிப்பில் மட்டும் நிறம் மாறித் தழும்பு போலக் கிடந்தது. ராஜகுமாரி வீட்டுக்குள் நுழைந்து, கதவு மூலை, கட்டிலுக்கு அடி, ஜன்னல் இடுக்கு எல்லாவற்றையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். முன்னறையில் தரையில் இருந்த அந்த வட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றாள். எவ்வளவு தேய்த்தும் அது முழுசாகப் போகவில்லை. அதன் மேல் சிமெண்ட் பூசியிருந்தான்.

"வெந்நீர் போட்டிருக்கு" என்றான் அவன்.

அவள் பிள்ளையை அவனிடம் கொடுத்தாள்.

மணையைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தான். இத்தனை நாள் இடைவெளியில் பிள்ளை நீளமாகியிருந்தாள். தலை அவன் பாதத்தைத் தாண்டிப் போயிற்று, கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக் கிடத்தினான். எண்ணெய் இல்லை. வெந்நீர் மட்டும். யோகு அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்ததோ இல்லையோ, கை தானாக நீண்டு அவனுடைய கட்டைவிரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டு போனது.

அவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பிள்ளையின் உதடு பிதுங்கியது.

ராஜகுமாரி வந்து பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். அவன் கையைப் பிடித்துத் தன் முகத்துக்கு அருகே கொண்டு போய், கட்டைவிரலை மோந்து பார்த்தாள். நகக்கண்ணைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் மோந்தாள். பிறகு அந்தக் கையைக் கொண்டுபோய்ப் பிள்ளையின் கைக்குப் பக்கத்தில் விட்டாள்.

"ஊத்துங்க" என்றாள். "வெந்நீர் ஆறுது."